தாத்தாவுக்கு மூன்று நிமிடம்

பிடோக் வடக்கு வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். டிசம்பர் மாத மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வெள்ளைத் திரைகளுக்கு நடுவே பெட்டியில் தாத்தா கிடத்தப்பட்டிருந்தார். வட்ட மேசைகளைச் சுற்றி உறவினர்களும் அண்டை வீட்டாரும் அமர்ந்து, வேர்க்கடலையைக் கொறித்தபடி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தனர்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தியை அத்தை அருகில் அழைத்தார்.

“நாளைக்கு மண்டாய்ல தாத்தாவைப் பத்தி யாராவது பேசணும்மா. வீட்டுல நீதான் நல்லாத் தமிழ் பேசுற. நீயே பேசிடு.”

“மூணு நிமிஷம் போதும். யூலஜி மாதிரி,” என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அவள் கைப்பேசியில் அகராதியைத் திறந்தாள். ‘புகழுரை’ என்று இருந்தது. இன்னோர் அகராதியில் ‘இரங்கலுரை’ என்று இருந்தது. எதை எடுத்துக்கொள்வது? புகழ வேண்டுமா, வருந்த வேண்டுமா? சிக்கல் அதோடு முடியவில்லை. தாத்தா நல்லவர்தான், ஆனால் கோபக்காரர். தம் சொந்தத் தம்பியோடு அவர் பதினொரு ஆண்டுகள் பேசவே இல்லை. அந்தத் தம்பி, அதாவது சின்னத் தாத்தா, இப்போது கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மறைத்துவிட்டு “அனைவரிடமும் அன்பு காட்டியவர்” என்று எப்படிச் சொல்வது?

அவள் கேட்ட கேள்விக்கு அந்தச் சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது.

‘யூலஜி’ கிரேக்க மொழியில் பிறந்த சொல். ‘யூ’ என்றால் நல்ல. ‘லோகோஸ்’ என்றால் சொல் அல்லது பேச்சு. இரண்டும் சேர்ந்தால் நற்சொல். உயிரோடு இருப்பவரைப் புகழ்வதற்கும் இச்சொல் ஏற்றதுதான். ஆங்கிலத்தில் இன்றும் அப்படிப் பயன்படுத்துவது பிழையன்று. ஆயினும், ஒருவர் மறைந்தபின் அவரை அறிந்தவர் எழுந்து நின்று பேசும் உரை என்பதே இன்று பெரும்பாலோர் மனத்தில் நிற்கும் பொருள். இதை ஒத்த ஓசையுடைய ‘எலிஜி’ என்னும் சொல்லோடு மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. எலிஜி என்பது துயரத்தைப் பாடும் கவிதை, தமிழில் இரங்கற்பா. நாளிதழில் வரும் மறைவுச் செய்தி வேறு; கல்லறையில் பொறிக்கும் வாசகம் வேறு.

தமிழில் ‘இரங்கலுரை’ என்பதே இன்று பரவலாக வழங்குகிறது. ஆங்கிலச் சொல் புகழைப் பிடித்துக்கொண்டது. தமிழ்ச் சொல் துயரத்தைப் பிடித்துக்கொண்டது. ‘இரங்கு’ என்னும் வினைக்கு மனம் வருந்துதல், அழுதல் என்பதோடு, ஒலித்தல் என்னும் பொருளும் உண்டு. பழைய இலக்கியத்தில் முரசு இரங்கும், கடலும் இரங்கும். ஐந்திணைகளுள் கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலே உரிப்பொருள். பிடோக் மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். தொழுகைக்கு மக்களை அழைக்க முழக்கப்பட்ட பெரிய முரசின் மலாய்ப் பெயரிலிருந்துதான் பிடோக் என்னும் ஊர்ப்பெயர் வந்தது என்பர். 1960களில் நிலமீட்புப் பணி தொடங்குவதற்கு முன், கடல் இன்னும் கிட்டத்தில் இருந்தது. முரசும் கடலும் சேர்ந்த ஊர்!

சொல்லைத் தெரிந்துகொண்டால் போதாது. அது எந்த வினையோடு சேரும் என்பதும் தெரிய வேண்டும். இரங்கலுரையை ஆற்றுவார்கள் அல்லது நிகழ்த்துவார்கள். இரங்கலைத் தெரிவிப்பார்கள். அஞ்சலியைச் செலுத்துவார்கள். இரங்கற்பாவை இயற்றுவார்கள் அல்லது பாடுவார்கள். “இரங்கலுரை செய்தார்” என்பது செவிக்கு உறுத்தும். ‘இறந்தார்’ என்று நேரடியாகச் சொல்லத் தயங்கி ‘காலமானார்’, ‘மறைந்தார்’, ‘இயற்கை எய்தினார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றெல்லாம் சொல்கிறோமே, அதை இலக்கணம் ‘மங்கலம்’ என்னும் தகுதி வழக்காகக் கூறும். ‘நீத்தார் நினைவு நாள்’ என்னும் தொடரைப் பார்த்துவிட்டு, திருக்குறளின் ‘நீத்தார் பெருமை’ அதிகாரம் இறந்தவர்களைப் பற்றியது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே நீத்தார் என்பவர் பற்றைத் துறந்த துறவியர்.

பெயர் புதிதாக இருந்தாலும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. உயிரோடு இருக்கும் தலைவனைப் புகழ்ந்து பாடுவது பாடாண் திணை. அவன் மறைந்தபின் புலவரும் உறவினரும் செயலற்று நின்று பாடுவது கையறுநிலை என்னும் துறை. தொல்காப்பியம் இத்துறையைக் குறிப்பிடுகிறது. புறநானூற்றில் இதற்குப் பல பாடல்கள் உள்ளன.

அவற்றுள் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிப் பாடிய 235ஆம் பாடலைப் பார்க்கலாம். அதியமான் மாபெரும் வீரன், வள்ளல். “வீரத்தில் சிறந்தவன், கொடையில் உயர்ந்தவன்” என்று ஔவையார் சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. உணவு கொஞ்சமாக இருந்தபோது அவன் எப்படி நடந்துகொண்டான், நிறைய இருந்தபோது எப்படி நடந்துகொண்டான் என்று நினைத்துப் பார்க்கிறார். விருந்தில் நல்ல பகுதியைப் பிறருக்குத் தந்தவன், போரில் அம்பும் வேலும் பாயும் இடத்தில் தானே நின்றான் என்கிறார். நறுமணம் கமழும் தன் கையால், புலால் நாற்றம் வீசும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்றும் சொல்கிறார். ஓர் அரசன், தன்னிடம் வந்த ஏழைப் பாடினியின் தலையைத் தடவுகிறான்! ‘அன்பானவன்’ என்ற சொல்லே இல்லாமல் அவனுடைய அன்பு தெரிந்துவிடுகிறது. பிறகுதான் அவர், அதியமானின் மார்பில் பாய்ந்த வேல் யார் யாரையெல்லாம் துளைத்தது என்று கணக்குப் பார்க்கிறார். பாணர்களின் பாத்திரம், இரப்பவர்களின் கை, புலவர்களின் நா என்று அது நீளுகிறது. ஒருவர் போனதால் உலகில் எது குறைந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இரங்கல் வேறு மொழிகளிலும் அரிது.

242ஆம் பாடல் மிகச் சிறியது. ஒல்லையூரில் வாழ்ந்த பெருஞ்சாத்தன் என்பவன் இறந்தபின், அவ்வூரில் பூத்த முல்லையைப் பார்த்துக் குடவாயிற் கீரத்தனார் கேட்கிறார்: உன்னை யார் சூடப் போகிறார்கள், நீயும் பூத்தாயோ? சாத்தன் எத்தகையவன் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. ஊரில் பூச்சூடும் மனம் யாருக்கும் இல்லை என்பதிலிருந்து நாம் அறிந்துகொள்கிறோம்.

அரசர்க்குப் புலவர்கள் இருந்தார்கள். மற்றவர்க்கு? வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பாடியது ஒப்பாரி. ஒப்பாரியில் புகழ்ச்சி மட்டும் இருப்பதில்லை. “என்னை இப்படித் தவிக்கவிட்டுப் போனாயே” என்ற முறையீடு இருக்கும். தீராத மனக்குறையும், சில வேளைகளில் உறவினர் மீதான குத்தலும்கூட இருக்கும். இறந்தவரை முன்னிலையில் வைத்து நேராகவே கேட்பார்கள். இறந்தவரைப் பற்றிக் குறையே பேசக் கூடாது என்று இன்று பலர் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. அன்பு இருந்த இடத்தில்தான் முறையீடும் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இக்காலச் சிங்கப்பூரில் இரங்கலுரை பொதுமேடையிலும் முக்கிய இடம் பெறுகிறது. 2015 மார்ச் 29ஆம் நாள், நாட்டின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூவின் இறுதிச் சடங்கில் பத்துப் பேர் பேசினர். அதிபர், பிரதமர், முன்னாள் அமைச்சர்கள் ஆகியோரோடு தொழிற்சங்கத் தலைவர் ஒருவரும் முன்னாள் செய்தியாளர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர். ஒரே மனிதரைப் பத்துப் பேர் பத்து இடங்களிலிருந்து பார்த்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2016 ஆகஸ்ட் 26ஆம் நாள், முன்னாள் அதிபர் திரு எஸ் ஆர் நாதனுக்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் பண்பாட்டு மையத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. பிரதமர் லீ சியன் லூங், பேராசிரியர் டாமி கோ, திரு கோபிநாத் பிள்ளை உள்ளிட்டோர் இரங்கலுரை ஆற்றினர். திரு நாதனின் வாழ்க்கையில் உரைக்கு வேண்டிய பெரும் பட்டங்களுக்குக் குறைவில்லை. 1999 முதல் 2011 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அதிபர். அதற்கு முன் அமெரிக்காவில் தூதர். ஆனால் அவரைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி நினைவுகூர்வது 1974ஆம் ஆண்டு நிகழ்ச்சியை. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள், புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கிய நான்கு பயங்கரவாதிகள், ‘லாஜு’ என்னும் படகைக் கடத்திச் சிலரைப் பிணை பிடித்தனர். பிணையாளிகளை மீட்பதற்காக, அந்தப் பயங்கரவாதிகளோடு ஒரே விமானத்தில் குவைத்துக்குச் சென்ற சிங்கப்பூர் அதிகாரிகள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திரு நாதன். திரும்பி வருவோமா என்பது விமானம் ஏறியபோது அவர்களுக்குத் தெரியாது. ‘துணிவு மிக்கவர்’ என்ற இரு சொற்களைவிட அந்த விமானப் பயணம் அதிகம் பேசும்.

அவருடைய இறுதிச் சடங்கில், அவருக்குப் பிடித்த ஒரு தமிழ்த் திரைப்பாடலும் ஒலித்தது. 1997இல் வெளிவந்த ‘பொற்காலம்’ படத்தில் இடம்பெற்ற அப்பாடல், பல ஊர்களிலிருந்து மண்ணும் நீரும் பிறவும் கொண்டுவந்து ஒரு பொம்மை செய்வதைப் பற்றியது. பல இனத்தவர் சேர்ந்து வாழும் நாட்டின் அதிபருக்கு அது ஏன் பிடித்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று அப்பாடலும் ஓர் இரங்கலுரையாயிற்று.

மீண்டும் கீழ்த்தளத்துக்கு வருவோம்.

அவள் எழுதிய முதல் தாளில் இப்படி இருந்தது: “என் தாத்தா மிகவும் நல்லவர். கடின உழைப்பாளி. எல்லாரிடமும் அன்பாகப் பழகுவார். அவருடைய இழப்பு ஈடுசெய்ய முடியாதது.” படித்துப் பார்த்தாள். பெயரை மாற்றினால் யாருடைய தாத்தாவுக்கும் இது பொருந்தும் என்று தோன்றியது. தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். மேசை மேசையாகப் போய், “தாத்தாவைப் பத்தி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?” என்று கேட்கத் தொடங்கினாள்.

துறைமுகத்தில் தாத்தாவோடு கிரேன் ஓட்டிய நண்பர், மதிய உணவு வேளையில் அவர் கிரேனைவிட்டு இறங்கவே மாட்டார் என்றார். “மேல இருந்து பார்த்தா கடல் முழுக்கத் தெரியும். சோத்துப் பொட்டலத்தை மேலயே வச்சுச் சாப்பிடுவாரு.” அப்பா நெடுநேரம் யோசித்தார். பிறகு, தம் முதல் வேலையின் நேர்முகத் தேர்வன்று காலையில் தாத்தா ஒரு வார்த்தையும் பேசாமல் தம் காலணிகளை எடுத்து மெருகேற்றிக் கொடுத்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்டை வீட்டு மலாய்ப் பாட்டி வேறொன்று சொன்னார். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் முடிந்த கையோடு தாத்தா ஒரு டப்பா அச்சு முறுக்கைக் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பாராம். “நாங்கள் செய்யும் கூவே லோயாங்கைப் போலவே இருக்கும். தீபாவளிக்கு வாங்கியதை ஏன் இத்தனை நாள் வைத்திருந்து தருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஒரு விருந்தாளிக்காக வாங்கியது, அவர் வரவில்லை என்றார்.”

அவளுக்கு அந்த டப்பா நினைவிருந்தது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் தாத்தா தனியாகத் தேக்காவுக்குப் போவார். கேம்பல் லேனிலிருந்து திரும்பும்போது கையில் அச்சு முறுக்கு டப்பா ஒன்று இருக்கும். வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் அது பிரிக்கப்படாமலே இருக்கும். பாட்டி உயிரோடு இருந்தவரை, “யாரு திங்கறதுக்கு இது?” என்று கேட்பார். தாத்தா பதில் சொன்னதில்லை.

கடைசியாக அவள் சின்னத் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தாள். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சின்ன வயசுல எங்க அம்மா அச்சு முறுக்கு சுடுவாங்க. எனக்கு அதுன்னா உயிரு. அண்ணன் அவரோட பங்கையும் எங்கிட்டக் கொடுத்துடுவாரு,” என்றார்.

அவளால் உடனே எதுவும் சொல்ல முடியவில்லை. மழை வலுத்தது. மேலே வீட்டுக்குப் போய் இரண்டாவது தாளை எடுத்தாள்.

மறுநாள் மண்டாய் தகனச் சாலையில் அவள் பேசினாள். குரல் முதலில் நடுங்கியது.

“என் தாத்தா துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டினார். மதியச் சாப்பாட்டை மேலேயே வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாராம். அங்கிருந்து என்ன பார்த்தீர்கள் என்று நான் அவரைக் கேட்டதே இல்லை. இனிக் கேட்க முடியாது.

“தாத்தாவுக்குப் பேசத் தெரியாது. அப்பா முதன்முதலில் வேலைக்குப் போனபோது வாழ்த்துச் சொல்லவில்லை. காலணிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தார். தாத்தாவுக்குக் கோபமும் வரும். வந்த கோபத்தை எப்படி இறக்கிவைப்பது என்று அவருக்குத் தெரியாது. அதனால் அவரும் வருந்தினார். எங்களில் சிலரும் வருந்தினோம்.

“எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டப்பா அச்சு முறுக்கு இருக்கும். எங்களில் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. பதினொரு ஆண்டுகளும் தாத்தா அதை வாங்கினார். பொங்கல்வரை வைத்திருப்பார். பிறகு அண்டை வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்துவிடுவார். ஒரு விருந்தாளிக்காக வாங்கியது, அவர் வரவில்லை என்று சொல்வாராம். அந்த விருந்தாளி யார் என்று எனக்கு நேற்று இரவுதான் தெரிந்தது.”

அவள் அதற்கு மேல் பேசவில்லை. மூன்று நிமிடம் ஆகியிருக்காது. யாரும் கைதட்டவில்லை, தட்டுகிற இடமும் அதுவன்று. அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அப்பா எழுந்து, கடைசி வரிசைக்குப் போய், சின்னத் தாத்தாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்து பேருந்தை நோக்கி நடந்தபோது, சின்னத் தாத்தா அவளுடைய தோளைத் தொட்டார்.

“இந்த வருஷமும் வாங்கினாராம்மா?”

“ஆமா, சின்னத் தாத்தா. ஃபிரிஜ் மேல இருக்கு.”